மாமா வைத்த பேனர்

மஸ்கட்
12 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் மச்சானும் நம் ஓட்டக்காரி ஜீவியும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். வெயில் மட்டும் கொஞ்சம் கூடுதல். தகரக் கூரைமேல் முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகிவிடும், வேறு குறையில்லை.

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். ரிப்பனைத் தொடும்போது அவள் முகத்தைப் பார்த்தாயா? நம் அப்பாவுக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பாரோ அதே முகம். மண்டலப் போட்டியில், எண்ணூறு மீட்டரில், முதலிடம்! நம் குடும்பத்தில் இதுவரை எவன் ஓடியிருக்கிறான்? நான் ஓடியதெல்லாம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், பீச் லோக்கலைப் பிடிக்கத்தான். அதையும் பாதி நாள் கோட்டை விட்டிருக்கிறேன்.

கேம்ப் முழுவதும் காட்டிவிட்டேன். இங்கே ஸ்டோரில் கிளார்க்காக ஏசுபாதம் என்று ஒருவன், நாகர்கோவில்காரன். அவன் கேட்டான்: "இத பெட்டிக்குள்ள பூட்டி வெச்சு என்னடே செய்யப் போற?" சரியான கேள்வி. ஊரில் இருந்திருந்தால் முடிச்சூர் ரோடு முனையில், பால் பூத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குப் பேனர் வைத்திருப்பேன். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்டவனெல்லாம் வைக்கிறான், தாய்மாமன் நான் வைக்கக்கூடாதா? அதனால் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டேன். படம், பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு என்று எல்லா விவரமும் போட்டு, கீழே என் பெயர். ஏசுபாதத்தின் மெஷின்தான். ரோட்டில் வைத்தால் நாலு நாளில் கிழித்துவிடுவார்கள், இதை யாரும் கிழிக்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். நாலு நாளாகப் போன் போடுகிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் எங்கே போனீர்கள்?

மச்சானுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

உன் தம்பி,
தனசிங்


தாம்பரம் மேற்கு
2 செப்டம்பர் 2007

அன்புத் தம்பி தனசிங்குக்கு அக்கா எழுதுவது.

ஸ்தோத்திரம். உன் கடிதம் கண்டோம். நாங்கள் எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டாமல் அலையாதே.

போன் லைன் ரிப்பேர். ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எப்போது சரியாகும் என்று தெரியாது. மச்சான் செல்லுக்குக் கூப்பிட வேண்டாம். ரயில்வே ஷெட்டில் டியூட்டி நேரத்தில் எடுத்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுகிறாராம். கடிதமே எழுது.

ஜீவிக்கு வயிறு சரியில்லை. சில நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஓட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு அல்லவா.

உங்கள் கேம்ப் கம்ப்யூட்டரில் அவள் படம் இருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனாலும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்காதே. பெண்பிள்ளை படம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
அமலராணி


மஸ்கட்
16 செப்டம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதையே நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. உன்னிடமிருந்து அரைப் பக்கத்தில் ஒரு கடிதமா? "வேறு விசேஷம் இல்லை" என்று நீ எழுதி என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

வயிற்று வலி என்றால் டாக்டரிடம் காட்டினாயா? அதற்கும் ஓட்டத்தை நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம்? மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன், கோபப்படாதே. மச்சான் நிறுத்தச் சொன்னாரா? பெண்பிள்ளை அரை டிராயரோடு ஓடுகிறது என்று ஷெட்டில் எவனாவது வாய் வைத்தானா? நான் நேரடியாக அவரிடம் கேட்க மாட்டேன். அவர் பார்த்த பெண்ணை நான் வேண்டாம் என்றதற்கே மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன கிறிஸ்மஸுக்குத்தான் கேக் வாங்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தார். அதுவும் ஜீவி அழுது அடம்பிடித்ததால் வந்தார். அந்த உறவை இன்னொரு தடவை உடைக்க எனக்குத் தெம்பில்லை.

நாளைக்கு உள்ளே பாலைவன சைட்டுக்குப் போகிறேன். வேலை முடியச் சில வாரம் ஆகும். அங்கே போனும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. கடிதத்தை கேம்புக்கே போடு. தண்ணீர் லாரி வரும்போது டிரைவர் கொண்டுவந்து தருவான், எல்லாம் அவன் மனசைப் பொறுத்தது.

ஜீவியை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

உன் தம்பி,
தனசிங்


24 செப்டம்பர் 2007

ஜீவிதாவின் பெற்றோர் திரு. சுகுமார், திருமதி அமலராணி அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் ஜீவிதாவின் உடற்கல்வி ஆசிரியை ஜோதிலட்சுமி. இது பள்ளி அனுப்பும் கடிதம் அல்ல, நானாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் பள்ளிக்கு வராமல் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. "பேச்சு அடங்கும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்" என்று எச்.எம். மேடம் உங்களிடம் சொன்ன அன்று அதே அறையில் நானும் நின்றுகொண்டிருந்தேன். அது தவறு என்று அப்போதே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பேச்சு அடங்கவில்லை. பிள்ளை வராதது அதற்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறது. வராமல் இருக்கிறாள் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மாணவிகளே பேசுகிறார்கள். இன்னும் சில வாரம் போனால் வருகைப் பதிவு குறைந்து, பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவதே சிக்கலாகிவிடும். மாவட்டப் போட்டியும் நவம்பர் கடைசியில் வருகிறது.

காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நானே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மாலையில் வீட்டு வாசலில் விடுகிறேன். தயவுசெய்து அனுப்புங்கள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று நம்புகிறேன். செய்திருந்தாலும் இதுதான் என் கருத்து.

மரியாதையுடன்,
ஜோதிலட்சுமி


தாம்பரம் மேற்கு
28 செப்டம்பர் 2007

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நாங்கள் சுகமாக இல்லை. போன கடிதத்தில் எழுதினதெல்லாம் பொய். வயிற்று வலியும் இல்லை, ரோட்டையும் யாரும் தோண்டவில்லை. போன் ஒயரை நாங்களேதான் பிடுங்கிவிட்டோம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நாள் போன் வந்தது. "ஜீவிதா இருக்காளா? ரன்னர் ஜீவிதா?" என்று யாரோ ஒரு ஆள். பள்ளியிலிருந்து என்று நினைத்து, "குளிக்கிறா, நீங்க யாரு?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னதை என்னால் எழுத முடியாது. அப்புறம் ஒருவன் மாற்றி ஒருவன். ஒருவன் இந்திக்காரன். ஒருவன் தகப்பன் வயதுக் குரல். ஒரு தடவை மச்சானே எடுத்துவிட்டார். ரிசீவரைச் சுவரில் அடித்து உடைத்தார்.

அதற்கடுத்த வாரம் ஷெட்டில் எவனோ ஒரு தாளை அவர் கையில் கொடுத்திருக்கிறான். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததாம். ஜீவி பெயர், ஜீவி படம், நம் வீட்டு நம்பர். அவளே எழுதின மாதிரி என்னென்னவோ அசிங்கம். அவர் அந்தத் தாளை என் முன்னால் போட்டு, "இன்னாடி இது? ஊர்ல கீற பொறுக்கியெல்லாம் உம் பொண்ணு பேரச் சொல்லிகினு கீறான்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

தம்பி, அது அவள் ரிப்பனைத் தொடுகிற அதே படம். அந்தப் படத்தில் மூன்றே பிரதி போட்டோம். ஒன்று பள்ளி நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஒன்று உன்னிடம், அது கடல் தாண்டிப் போய்விட்டது, அதை விடு. ஒன்று வீட்டில். வீட்டுப் படத்தை இவள் ஒரு நாள் பள்ளிக்கு எடுத்துப்போனாள். அன்றைக்கு யாரிடமோ கொடுத்திருக்கிறாள், நம்பரையும் கொடுத்திருக்கிறாள். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டால் கல்லாக நிற்கிறாள். அடித்தேன். நன்றாகவே அடித்தேன். "இல்லம்மா" என்றுகூட முழுசாகச் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏதோ மறைக்கிறாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

சர்ச்சில் பின் பெஞ்சில் உட்காருகிறேன். மார்க்கெட்டுக்கு முக்காடு போட்டுப் போகிறேன். பி.டி. மிஸ் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாள். எந்த முகத்தோடு அனுப்புவது?

அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். நீ ஒரு கடிதம் போட்டுக் கேள். கொஞ்சம் கண்டிப்பாகவே கேள்.

அக்கா


30 செப்டம்பர் 2007

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா மாமா? நான் நலம்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். என் தோழி அஞ்சலியின் அண்ணன் தபாலில் சேர்ப்பான். கம்ப்யூட்டரில் நீங்கள் வைத்த படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் மாதம் கம்ப்யூட்டர் லேபில் அஞ்சலிதான் காட்டினாள். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "எங்கள் குலவிளக்கு, தாம்பரத்தின் தங்கம்" என்று போட்டிருந்தீர்கள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். கடைசியில் பார்த்தால், வாழ்த்த விரும்புவோர் அழைக்க வேண்டிய எண் என்று நம் வீட்டு நம்பர். மாமா, அது உங்கள் கேம்பில் மட்டும் தெரிகிற கம்ப்யூட்டர் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரோ அந்தப் படத்தையும் நம்பரையும் எடுத்து, என் பெயரில் இன்னொரு பக்கம் செய்துவிட்டார்கள். அதில் இருப்பது எதுவும் நான் எழுதியது இல்லை.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தால் உங்களோடு மறுபடி பேச மாட்டார். போன தடவை மூன்று வருஷம். இந்தத் தடவை எப்போதைக்குமே இருக்கும். நீங்கள் எடுத்துவிட்டால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சீக்கிரம் எடுத்துவிடுங்கள். பள்ளிக்குப் போக வேண்டும் போல் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஜீவி


பாலைவன சைட்டிலிருந்து
13 அக்டோபர் 2007

ஜீவிதாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் நலத்தை விசாரிக்க மனம் வரவில்லை.

உன் அம்மாவின் கடிதம் நேற்று லாரியில் வந்தது. படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேம்ப் முழுக்க, "இது என் அக்கா மகள்" என்று காட்டித் திரிந்தவன் நான். இன்றைக்கு எவனாவது உன்னைப் பற்றிக் கேட்டால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

யாருக்குக் கொடுத்தாய் அந்தப் படத்தை? வீட்டு நம்பரை யாருக்குக் கொடுத்தாய்? பெயரைச் சொல். வாயை மூடிக்கொண்டு நின்றால் நாங்கள் மறந்துவிடுவோம் என்று நினைக்கிறாயா? ஓட்டம், கோப்பை என்று நாங்கள் கொடுத்த இடம்தான் உன்னை இப்படிக் கெடுத்திருக்கிறது. உன் அம்மா அடித்தது போதாது. நான் அங்கே இருந்திருந்தால் நடப்பதே வேறு.

உண்மையைச் சொல்லி அம்மா காலில் விழு. அதுவரை எனக்கு எழுதாதே.

தனசிங்


தாம்பரம் மேற்கு
27 அக்டோபர் 2007

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துக்கொண்டது, முடிச்சூர் பக்கம் தெருவெல்லாம் சேறு.

உன் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். திருப்பி முதலிலிருந்து படித்தாள். "இது மாமா எழுதினதுதானாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அது ரேஷன் அரிசிகூட இல்லை, கல்லே இல்லாத அரிசி. அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. நீ கேட்டால் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நான்தான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று முதல் தடவையாகப் பயமாக இருக்கிறது.

பி.டி. மிஸ் தினமும் சாயங்காலம் வருகிறாள். மச்சான் உள்ளே விடுவதில்லை. "வூட்டுப் பிரச்சினைம்மா, நீ போ" என்கிறார். அவள் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்று, "ஜீவிதா, இன்னிக்கு மேத்ஸ்ல இந்தக் கணக்கு நடத்தினாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். தெருவே வேடிக்கை பார்க்கிறது. அவளுக்கு வெட்கமே இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

தீபாவளி விடுமுறை கழிந்ததும் மதுராந்தகத்தில் தன் அக்கா வீட்டில் ஜீவியைக் கொண்டுபோய் விடுவதாக மச்சான் முடிவு செய்துவிட்டார். பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிவிடுவாராம். பரீட்சையெல்லாம் அப்புறம் பிரைவேட்டாக எழுதிக்கொள்ளட்டும் என்கிறார். அங்கே போனால் அவள் எழுத மாட்டாள். கல்யாணம்தான் செய்து வைப்பார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அக்கா


மஸ்கட்
5 நவம்பர் 2007

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நான் தனசிங், தங்கள் மாணவி ஜீவிதாவின் தாய்மாமன். தாங்களும் தங்கள் ஆசிரியர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை என் மச்சான் சுகுமாருக்கும் அனுப்பியிருக்கிறேன். தபாலை நம்பாமல், நாளை ஊருக்குப் போகும் ஒருவர் கையில் இரண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் படத்தையும் வீட்டு நம்பரையும் கம்ப்யூட்டரில் போட்டது நான். ஜீவிதா யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் நல்லது நடந்தால் தெருமுனையில் பேனர் வைப்போம். வைப்பவன் பெயரும் நம்பரும் கீழே இருக்கும். பார்ப்பவன் நம் தெருக்காரன், வாழ்த்துவான், அவ்வளவுதான். அதே நினைப்பில் ஆர்குட் என்ற இணையத்தளத்தில் வைத்தேன். அங்கே தெருவும் இல்லை, தெருக்காரனும் இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. என் அக்கா விஷயத்தை எழுதியபோதும் அதை என் பேனரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அவளை வாழ்த்த வேண்டும் என்பதைவிட, தாய்மாமன் பெயரை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது.

போன வாரம் சைட்டிலிருந்து கேம்புக்குத் திரும்பினேன். என் கட்டில்மேல் ஜீவிதா செப்டம்பரில் எழுதிய கடிதம் கிடந்தது. லாரி டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்தான், இதை விட்டுவிட்டான். நான் அவளைத் திட்டி எழுதுவதற்கு முன்பே அவள் எனக்கு எழுதியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அடியை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்திருக்கிறாள். உடனே ஏசுபாதத்தின் அறைக்கு ஓடினேன். நான் வைத்த பேனருக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. சைட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திறந்து பார்த்திருந்தால் போதும்.

எல்லாவற்றையும் அச்செடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். போலீசுக்குத் தேவைப்படும் என்று ஏசுபாதம் சொன்னான். பிறகு என் பக்கத்தை அழித்தேன். அவள் பெயரில் இருக்கும் போலிப் பக்கத்தைப் பற்றியும் புகார் எழுதியிருக்கிறோம்.

அம்மா, ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டம் நடக்கும்போது இந்தக் கடிதத்தை என் பெயரோடு உரக்கப் படியுங்கள். பிள்ளையைப் பற்றி எத்தனை பேர் பேசினார்களோ அத்தனை பேரும் கேட்கட்டும். அவளைப் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். டி.சி. கொடுத்துவிடாதீர்கள்.

மச்சான், உங்களுக்குத் தனியாக எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்கள் என்னோடு பேச வேண்டாம். அவளோடு பேசுங்கள்.

தலைகுனிவுடன்,
தனசிங்


தாம்பரம் மேற்கு
18 நவம்பர் 2007

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஸ்தோத்திரம். உன் சுகத்துக்கு எழுது. ஜீவி பள்ளிக்குப் போகிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தில் எச்.எம். மேடமே எழுந்து நின்று உன் கடிதத்தைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இவர் கம்ப்யூட்டரில் செய்த தவறை நான் என் அறையில் உட்கார்ந்து செய்தேன். குழந்தையை வீட்டில் வைக்கச் சொன்னது நான்தான். அவள் வராத நாட்களுக்குப் பள்ளிதான் பொறுப்பு என்று மேலே எழுதி அனுப்பிவிட்டேன்" என்றார். பரீட்சைக்குப் பெயர் போய்விடும்.

அப்புறம் உன் மச்சான் எழுந்தார். அந்த மனிதர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. "எவனோ இன்னாவோ எழுதினான்னு எம் பொண்ண வூட்ல பூட்டி வெச்சேன். அவ கைல ஒரு வார்த்தை ஒழுங்கா கேக்கல. பூட்டு போட்டிருக்க வேண்டியது என் வாய்க்கு" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் அப்படியே வெளியே போய்விட்டார். வராண்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் எச்.எம்மும் அவருமாகப் போய்ப் போலீசில் புகார் கொடுத்தார்கள். போலிப் பக்கமும் இப்போது இல்லை.

கம்ப்யூட்டர் சார் பெற்றோரையெல்லாம் லேபில் உட்காரவைத்து, எது எங்கே தெரியும், எதைப் போடக்கூடாது என்று காட்டினார். முக்கால்வாசிப் பேர் அன்றுதான் மௌஸைத் தொட்டோம். உன் கேம்ப் மெஷினுக்குள் மட்டும் படம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். சாயங்காலப் பிராக்டிஸ் நேரத்தில் ஓடுகிற பிள்ளைகளின் அம்மாமார் முறைபோட்டு மைதானத்தில் இருக்கிறோம். செவ்வாய்க்கிழமை என் முறை. பி.டி. மிஸ் இப்போது வீட்டுக்குள் வந்து காப்பி குடிக்கிறாள்.

எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி எழுதுகிறேன் அல்லவா? சரியாகவில்லை. தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். இப்போது சீப்போடு போய் நின்றால், "நானே பின்னிக்கிறேம்மா" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை, மரியாதையாகத்தான் சொல்கிறாள். ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது. அதோடேயே போகிறாள். அடித்த கையை என்னிடமிருந்து யாராவது கழற்றி எடுத்துக்கொண்டு போனால் நன்றாக இருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. என்மேல் இருப்பது அதைவிட அதிகம் என்பதால் உன்னைத் திட்ட முடியவில்லை. கிறிஸ்மஸுக்கு வா. மச்சான்தான் உன்னை வரச் சொல்லி எழுதச் சொன்னார்.

அக்கா,
அமலராணி


தாம்பரம் மேற்கு
2 டிசம்பர் 2007

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? அம்மா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். ஆனால் எழுதுவதெல்லாம் நானாக எழுதுவதுதான்.

வண்டலூர் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. நான் ஐந்தாவதாக வந்தேன். அவ்வளவு நாள் ஓடாமல் இருந்ததில் கால் கனத்துவிட்டது. கோட்டில் நிற்கும்போது கூட்டத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சும்மா உற்சாகப்படுத்தத்தான் கூப்பிட்டிருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. துப்பாக்கி வெடித்தது காதில் விழவே இல்லை, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடினேன். ஜோதிலட்சுமி மிஸ், "கடைசியில கிளம்பி அஞ்சாவதா வந்தவளுக்கு அடுத்த வருஷம் இருக்கு" என்றார். அப்பா சைக்கிளில் வரும்போது தாம்பரம் வரை என் பையை அவரே மாட்டிக்கொண்டு வந்தார்.

வகுப்பில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிகிறது. அது கொஞ்ச நாள் இருக்கும் என்று மிஸ் சொன்னார்.

உங்கள் கடிதத்தை எச்.எம். படித்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். எல்லாரும் உங்களைப் பெரிய மனசு என்றார்கள். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் படத்தைப் போட்டதற்கு எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. தெரியாமல் செய்தது. அம்மா அடித்ததுகூட வலித்து முடிந்துவிட்டது.

மற்ற கடிதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு எழுதினீர்களே, அது. படத்தை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவும் அப்படித்தான் கேட்டாள், அப்பாவும் அப்படித்தான் கேட்டார். கொடுத்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும் அப்படிக் கேட்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னல் பக்கத்தில் உட்காருவேன்.

கிறிஸ்மஸுக்கு வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். வாருங்கள். ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வருவார்கள், நான் வர மாட்டேன். பிராக்டிஸ் என்று சொல்லலாம், ஆனால் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ யாருக்காவது கொடுத்தாயா?" என்று கேளுங்கள். நான் இல்லை என்று சொல்வேன். அதற்கப்புறம் நாம் பழையபடி பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசுபாதம் மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஜீவிதா